யானைத் தடத்தில் ஒரு கடற்கரை வீடு: ஆனைமலை அடிவாரத்தில் ஐந்து நாள்

முதல் நாள்: தோப்பு

கொங்கு நாட்டில் எல்லாம் உண்டு, கடல் ஒன்றுதான் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று முடிவு கட்டியவர்கள் மாதிரி, பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை, சேத்துமடை, ஆழியாறு பக்கத் தென்னந்தோப்புகளில் கடற்கரை வில்லாக்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். விளிம்பே தெரியாமல் வழியும் நீச்சல் குளம், மேலே வானம் தெரியும் குளியலறை, தரை தொடங்கி உத்தரம் வரை கண்ணாடி, மூன்று பக்கம் திறந்த கூடம். பாலித் தீவிலும் இலங்கையின் தென்கரையிலும் அலையைப் பார்த்து உட்கார வரைந்த வீடு இது. அங்கே வீட்டுக்கு முன்னால் கடல், வந்து போவது நண்டும் ஆமையும். இங்கே முன்னால் நிற்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். வரைபடம் ஒன்றுதான், வருகிற ஒறம்பரை (விருந்தாளி) வேறு. எது தாங்குகிறது, எது பல்லிளிக்கிறது என்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கிறோம். மாதம் மே கடைசி. பலா பழுக்கும், தென்மேற்குக் காற்று எட்டிப் பார்க்கும், வீட்டின் குணம் தெரிய இதைவிட நல்ல சமயம் இல்லை.

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை. மேப் காட்டும் குறுக்குத் தடங்களில் சில பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் போய் நின்றுவிடும், கார் திருப்ப இடம் இருக்காது. லொக்கேஷன் வாங்கும்போதே கடைசித் திருப்பத்துக்கு அடையாளம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். யானை ஒரு காரணம். இன்னொன்று, வெளிச்சம் இருக்கும்போது வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் இருட்டில் எங்கே கால் வைக்கிறோம் என்று தெரியும்.

அந்தச் சுற்றில் முதலில் கார். தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எத்தனை அடி தள்ளி என்பதில்தான் தவறு நடக்கிறது. மட்டை 15 அடிக்கு மேல் நீளும், காற்றடித்தால் நேராக விழாமல் சாய்ந்து விழும். தூரிலிருந்து 20 அடியாவது வேண்டும். 25 அடிக்கு ஒரு மரம் வைத்த தோப்பில் அப்படி இடமே கிடையாது. மரம் எடுத்த இடத்தில்தான் வண்டி நிற்க முடியும், வீட்டுக்கும் அதே கணக்குத்தான். தேங்காய் வெட்டு இந்தப் பக்கம் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு தரம். கடைசியாக வெட்டி எத்தனை நாளாயிற்று என்று கேட்டுவிட்டு வாசலில் நாற்காலி போடுங்கள்.

அடுத்தது சுவரின் நிறம். கடலோரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் கண்ணைப் பறிக்கும். இங்கே ஒரு வருடத்தில் கறுத்துவிடும். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டதே 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஈ ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது விடும் பிசுக்கு கீழே சொட்டும், அதில் கரும்பூசணம் படரும். ஓலை, சுவர், குளத்து ஓரக் கல், கார் எல்லாவற்றிலும் அதே கறுப்பு. மருந்தடித்தால் ஈயைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை கட்டுவதும்தான் வழி. தோப்புக்குள் கட்டுகிறவர்கள் சுவரை மண் நிறத்தில் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

நல்ல வில்லாக்களில் சுவர் அழுத்திய மண் கட்டியில் இருக்கிறது. செம்மண்ணோடு 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்தி, மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் நிழலில் வைத்து எடுத்த கட்டி. இந்தச் சுவர் கெடுவது மேலிருந்து அல்ல. கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து, கீழ் இரண்டு அடியை அரித்துவிடும். கருங்கல் கட்டு 2 அடி, கூரை நீட்டம் 3 அடி இரண்டும் இருந்தால் பயமில்லை. படத்தில் மெலிசாகத் தெரியட்டும் என்று நீட்டத்தைக் குறைத்த வீடுகளில் சுவரடி சொறி பிடித்த மாதிரி இருப்பதைப் பார்க்கலாம்.

கூரை மங்களூர் ஓடு. குரங்குக்கு ஓடு என்பது திறந்து பார்க்க வேண்டிய பெட்டி. ஓட்டின் அடியில் கம்பி கோக்கத் துளை உண்டு, ஓரத்து இரண்டு வரிசையையாவது ரீப்பரோடு கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஓட்டுக்குள் மரநாயும் குடி வந்துவிடும். ராத்திரி கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான், பேயுமில்லை சிறுத்தையுமில்லை.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் பாருங்கள். மரத்துக்கு மரம் வெள்ளை விளக்கைக் கட்டி மேல்நோக்கி அடித்திருந்தால் அந்த வீட்டை வரைந்தவர் காட்டுப் பக்கம் வந்ததில்லை என்று பொருள். வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு. முழங்கால் உயரத்தில், கீழே மட்டும் அடிக்கிற மஞ்சள் விளக்கு போதும். பல்பு அட்டையில் 2700 கே அல்லது அதற்குக் கீழ் எழுதியிருக்கும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னது இதன் இன்னொரு பாதி: "ஏனுங்க, பழத்தோலு கிழத்தோல வாசல்ல போட்றாதீங்க. மொத பன்னி வரும், அது பொறத்தால என்ன வரும்னு சொல்ல முடியாதுங்க."

இரண்டாம் நாள்: டாப்சிலிப்

சேத்துமடை சோதனைச் சாவடியைக் காலையில் முதல் ஆளாகக் கடப்பது நல்லது. பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் சுமார் 35 கிலோமீட்டர். அடிவாரத்தில் தங்கியிருந்தால் அதில் பாதித் தூரம் ஏற்கெனவே முடிந்திருக்கும். சாவடியில் பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், மது மூன்றையும் தேடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் இருந்தால் நேரம் மிச்சம். இருசக்கர வண்டியில் வருவதாகத் திட்டம் போட்டவர்கள் அதை வில்லாவிலேயே விட்டுவிடுங்கள்.

மலை மேலே வெட்டிய தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்ற பெயர். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் என்று வெட்டி வெட்டி மொட்டையான காட்டைத் திரும்ப எழுப்பியவர் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. 1933-இல் இறந்தார், அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே கல்லறை இருக்கிறது. கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். கல்லறையில் உள்ள லத்தீன் வாசகத்தின் பொருள், என் நினைவுச் சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பாருங்கள் என்பது. இந்த வட்டாரத்தில் கட்டடம் கட்டுகிற ஒவ்வொருவரையும் ஒரு தரம் இங்கே கூட்டி வந்து நிற்க வைக்கலாம்.

வனத்துறை வேனில் ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புலியைப் பார்த்தே தீருவேன் என்று வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். காட்டெருமை, புள்ளிமான், மயில், மலை அணில் ஏறக்குறைய உறுதி. மலை அணிலைக் கீழே தேடாதீர்கள், மரத்தின் உச்சிக் கவட்டில் நீண்ட வால் தொங்கும். கோழிகமுத்தி யானை முகாமில் கும்கிகளுக்குக் கவளம் கொடுக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அதை வரவேற்பு மையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். பாகன்களில் பெரும்பாலோர் மலசர் இனத்தவர். யானைக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், நேர் எதிரிலும் பின்னாலும் நிற்க வேண்டாம்.

உலாந்தி வனச்சரகத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு லட்சக்கணக்கில் மின்மினிகள் கூடி ஒரே தாளத்தில் மின்னுவது உண்டு. ராத்திரிக் காட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை, அது சரிதான். ஆனால் வில்லாவின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்தால் நாலைந்தாவது தென்படும். செல்போனையும் கவிழ்த்து வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: காற்றும் குளமும் வேலியும்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. கடலோரத்தில் பகலில் கடல் காற்று, இரவில் நிலக்காற்று என்று திசை மாறும், அதனால்தான் மூன்று பக்கம் திறந்த கூடம் அங்கே பொருந்துகிறது. இங்கே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை காற்று ஒரே பக்கம், மேற்கிலிருந்து. மழையும் படுக்கை வாட்டில் வரும். பழைய தோட்டத்துச் சாளைகளை (தோட்ட வீடுகளை) பாருங்கள்: வாசல் கிழக்கே, இறவாரம் தாழ்வாக, மேற்குச் சுவரில் திறப்பு குறைவு. கட்டிடக் கலைஞர் யாரும் சொல்லித் தராமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

வில்லாக்காரர்களின் சிக்கல் என்னவென்றால் மலை தெற்கே இருக்கிறது. ஒறம்பரைக்கு மலையைக் காட்ட வேண்டும் என்று தெற்கிலும் தென்மேற்கிலும் கண்ணாடி வைக்கிறார்கள், மழை நேராக அதில் அறைகிறது. தள்ளு கண்ணாடியின் அடித்தடத்தில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கும். அதில் ஓலைத் தூசு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கம் வழிந்து மரத் தரை உப்பிவிடும். பழைய பல் துலக்கி ஒன்றால் காலையில் ஒரு தேய்ப்பு போதும். வெயில் கணக்கும் ஒன்று உண்டு. இப்போது உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்குக் கண்ணாடியில் சூடே தெரியாது. இதே அறையை மார்கழியில் எடுத்தால், கூரை நீட்டம் இல்லாத 9 அடிக் கண்ணாடி வழியாக நடுப்பகல் வெயில் 6 அடி உள்ளே வந்து கட்டிலைத் தொடும். மே மாதம் எடுத்த படத்தைப் பார்த்து டிசம்பருக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் இன்னொரு பாவமும் நடக்கிறது. மரகதப் புறா தாழ்வாக, அம்பு மாதிரி பறக்கும், கண்ணாடியில் தெரியும் தோப்பை நிஜத் தோப்பு என்று நம்பி மோதும். குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவிக்கும் அதே கதி. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் தீராது. கண்ணாடியின் வெளிப்பக்கம் 2 அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அல்லது 4 அங்குலத்துக்கு ஒரு கயிறு மேலிருந்து தொங்க வேண்டும். கயிறு தொங்கும் கண்ணாடி அசிங்கமாக இருக்கும் என்பது ஒரு வாரத்துக்குத்தான், பிறகு கண் பழகிவிடும். மோதி விழுந்த பறவைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் வைத்துத் திறந்தால், பிழைப்பதாக இருந்தால் தானே பறந்துவிடும்.

இனி குளம். விளிம்பு வழியும் குளத்துக்குக் கீழே ஒரு சேமிப்புத் தொட்டி இருக்கும். வழிந்த தண்ணீர் அதில் விழுந்து மோட்டார் வழியாகத் திரும்பும். இந்தக் காற்றில் வழிகிற தண்ணீரில் ஒரு பங்கு தொட்டிக்குப் போகாமல் தூவானமாகப் பறந்துவிடுகிறது. தொட்டி வற்றினால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகிக் கெடும். காற்று நாட்களில் வழிவதை நிறுத்தி வைத்து, குளத்தைச் சாதாரணத் தொட்டியாக ஓட்டுவதே முறை. பெருமழைக்குப் பிறகு குளோரின் நீர்த்துப்போயிருக்கும், இறங்குவதற்கு முன் சோதனைத் தாளில் பார்க்கச் சொல்லுங்கள்: பி.எச். 7.2 முதல் 7.8, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். குளத்தில் தினம் காலையில் செத்து மிதப்பவை தவளையும் ஓணானும். ஏறி வர வழியில்லாமல்தான் சாகின்றன. சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டு வைத்தால் ஏறிவிடும். பாம்பும் அதே வழியில் ஏறிப் போய்விடும், ஆகவே பலகையை வீட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் போடுங்கள்.

வானம் தெரியும் குளியலறை அழகு. முதலில் கெடுவதும் அதுவே. குரங்கு இறங்கி சோப்பைத் தின்று பார்த்துவிட்டு ஷாம்பூவைக் கொட்டும். நைலான் வலையைக் கிழித்துவிடும், எவர்சில்வர் கம்பி வலைதான் நிற்கும். தண்ணீர் வெளியேறும் குழாயின் வெளி முனையில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், பாம்பு உள்ளே வரும் வழி அது. கதவடி இடைவெளி அரை விரலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டுப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நம்மிடம் உள்ள விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. மலை மேலே ஈரக்காட்டில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது கேட்காது, எனவே அங்கே கிளையைப் பிடித்து ஏறும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு அரிசிம்பருப்பு சாதம், நெய், கத்திரிக்காய் வதக்கல், அப்பளம். சமையற்கட்டு வீட்டுக்கு வெளியே, திறந்த கொட்டகையில். விருந்தாளி முன்னால் சமைத்துக் காட்ட வசதி என்று வைத்தது. யானைக்கும் வசதி. அரிசி, உப்பு, வெல்லம் மூன்றும் யானை மூக்குக்கு வெகு தூரத்திலேயே தெரியும், அடிவாரத்திலும் வால்பாறையிலும் சுவர் உடைபடுவதில் பெரும்பங்கு இவற்றுக்காகத்தான். சரக்கை வெளிச்சுவர் ஒட்டிய அறையில் வைக்கக் கூடாது. வீட்டின் நடு அறையில், மூடி இறுகும் டிரம்மில் இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி அழகுக்கு வாழைக்குலை, பலா, மூங்கில் என்று நட்டிருந்தால் அது விருந்தழைப்பு. பலா இருந்தால் பிஞ்சிலேயே பறித்துப் பொரியல் வைத்துவிடலாம். பழுத்து வாசம் வந்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் சோலார் வேலி என்ற பெயரைக் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரி, அதைச் சூரியத் தகடு நிரப்பும். எனர்ஜைசர் என்ற பெட்டி அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, விநாடிக்கு ஒரு தரம் கண நேரத் துடிப்பாகக் கம்பியில் விடும். அடி சுரீரென்று இருக்கும், உயிரை எடுக்காது. கம்பத்து மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக் குற்றத்துக்குச் சமம், சட்டமும் விடாது. 2023-இல் வந்த தமிழ்நாட்டு மின்வேலி விதிகளின்படி வேலியைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலி தோற்பதற்கு மூன்று காரணம். கொடியும் புல்லும் கம்பியைத் தொட்டு மின்னழுத்தத்தைத் தரைக்கு இழுத்துவிடுவது முதலாவது. மழைக்குப் பிறகு பத்து நாளில் இது நடக்கும், கம்பிக்குக் கீழே மூன்றடி அகலம் செதுக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது எர்த். அடி ஒழுங்காக விழ, யானையின் உடல் வழியாக மண்ணுக்குப் போய், மண் வழியாக எர்த் கம்பிக்குத் திரும்ப வேண்டும். 6 அடி நீள ஜி.ஐ. கம்பி குறைந்தது மூன்று, பத்தடி இடைவெளியில் இறங்கியிருக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் சுற்று அறுந்துபோகும், அப்போது எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவார்கள். சோதிக்கும் கருவி கைக்கடக்கமாக இருக்கும்: வேலியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், எர்த் கம்பியில் 300-ஐத் தாண்டக் கூடாது. மூன்றாவது காரணம் யானையின் மூளை. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட கொம்பன் கம்பியைத் தந்தத்தால் தூக்கும், மற்றவை காய்ந்த கட்டையைப் போட்டுச் சாய்க்கும். வேலி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வாசனையையும் வாழையையும் உள்ளே வைத்துக்கொண்டு வேலியை நம்புவது பசித்தவன் முன்னால் விருந்தை வைத்து வாசலுக்குத் திரை போடுகிற கதை.

நான்காம் நாள்: வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர் அளவு, 40 கொண்டை ஊசி வளைவு. இ-பாஸை முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆழியாறு சாவடியில் சிக்னலை நம்ப முடியாது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை மரியாதை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் கருகிய வாசம் வரும், அப்போது ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

ஒன்பதாவது வளைவு, சாலையைப் போட்ட பொறியாளரின் பெயரில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை, முழு நீர்மட்டம் 120 அடி, காமராசர் காலத்தில் எழும்பியது. இந்தப் பக்கப் பாறைகளில் வரையாடு நிற்கும், சாலையோரத் தடுப்புச் சுவர் மேலேயே வந்து நிற்பதும் உண்டு. பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். சாலைக்குப் பழகிய ஆடு வண்டியில் அடிபடும். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கை அணைக்காமல், இடைவெளி விட்டுப் பின்வாங்கி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருங்கள். முன்னால் இருப்பவர் கிளம்பிவிட்டார் என்று பின்னால் ஒட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில் இதே சாலையில் பைக்கில் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார்.

வால்பாறைப் பீடபூமி 220 சதுர கிலோமீட்டர் தேயிலையும், அதன் நடுவே தீவு தீவாக மழைக்காடும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கருமந்திக்குப் பிடரி இல்லை, வால் நீளம், தலை மட்டும் பழுப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் படம் போடுகிறவர்கள் அதிகம். மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே கித்தான் பாலம் கட்டியிருப்பதைக் கவனியுங்கள். மந்திகள் கீழே இறங்காமல் கடக்க அமைத்தது அது. இருவாச்சியைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது சுலபம். இறக்கை வீச்சு பழைய நிலக்கரி ரயில் மூச்சு விடுவது மாதிரி கேட்கும். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும், சேவல் சிறு வெடிப்பு வழியாக மாதக்கணக்கில் அத்திப் பழம் ஊட்டும். மே கடைசியில் குஞ்சு வெளிவரும் சமயம். பொந்து தெரிந்தாலும் அடியில் போய் நிற்க வேண்டாம், ஆளைக் கண்டால் சேவல் இரையோடு திரும்பிவிடும்.

தங்குவதற்கு எஸ்டேட் பங்களா. வெள்ளைக்காரத் துரைகள் கட்டியது, வடிவமைப்பு வில்லா என்று யாரும் பெயர் வைக்கவில்லை. உயர்ந்த கருங்கல் மேடை, சாய்வான தகரக் கூரை, வராந்தாவை முழுக்கச் சிறு சிறு கண்ணாடிச் சட்டங்களால் அடைத்தது. ஒரு சட்டம் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பறவைக்கும் அந்தச் சட்டங்கள் தெரியும். சமையற்கட்டு பின்னால் தனியாக. யானை வந்தால் சமையற்கட்டு மட்டும் போகும், படுக்கையறை தப்பும். நேற்றைய வில்லாவின் கோளாறுகள் பலவற்றுக்கு இங்கே பழைய பதில் இருக்கிறது. ஈரமும் அட்டையும் மட்டும் இங்கே தீரவில்லை. மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாசம் வந்தால் வேறு அறை கேளுங்கள். அட்டைக்கு முழங்கால் வரை இறுக்கி நெய்த துணி உறை, அதன் மேல் ஈரத்தில் நனைத்த புகையிலைத் தூள். கடித்ததைப் பிய்த்தெறியாமல் நகத்தால் வாய்ப் பக்கமாக நெம்பி எடுக்க வேண்டும்.

இருட்டிய பிறகு தேயிலைச் சரிவுகளில் அங்கங்கே சிவப்பு விளக்கு மினுங்கினால் அது கோயில் விளக்கு அல்ல. பக்கத்தில் யானை நிற்கிறது என்று பாடிகளில் (எஸ்டேட் குடியிருப்பு வரிசைகளில்) குடியிருக்கும் தொழிலாளர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. உயரமான கம்பத்தில் இருக்கும் அந்த விளக்கைச் செல்போன் அழைப்பு ஒன்றால் ஏற்றவும் அணைக்கவும் முடியும். குறுஞ்செய்தியும் போகும். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர் யானை மேல் முட்டிக்கொள்வதுதான் பல சாவுகளுக்குக் காரணம் என்று கண்டு, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து 2011 வாக்கில் தொடங்கியது. விளக்கு எரிந்தால் வெளியே போய்ப் படம் எடுக்கலாம் என்று கிளம்பக் கூடாது. அணைகிற வரை உள்ளே. குழந்தைகளை மாலை 6 மணிக்கு மேல் வாசலில் விளையாட விடவே வேண்டாம். தேயிலைச் செடி இடுப்பளவுதான், அதற்குள் சிறுத்தை படுத்திருந்தால் பத்தடியிலும் தெரியாது.

ஐந்தாம் நாள்: இறக்கம்

விடிந்து பனி விலகிய பிறகு இறங்குவது நல்லது. நல்லமுடி, சோலையாறு எல்லாவற்றையும் ஒரே காலையில் அடக்கப் பார்த்தால் வளைவுகளில் அவசரம் வரும். குரங்கருவியில் தண்ணீர் இருந்தாலும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த தரம் இடம் பிடிப்பவர்களுக்குச் சில கேள்விகள். வீடு இருக்கும் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறதா, கட்டட அனுமதி இருக்கிறதா? அனுமதி இல்லாத இடத்துக்கு ஒரு நாள் பூட்டு விழும், முன்பணம் திரும்பி வராது. ராத்திரி குப்பை எங்கே இருக்கும்? மூடிய அறை என்றால் சரி, பின்னால் குழி என்றால் வேறு இடம் பாருங்கள். சஃபாரி, தீமூட்டம், பாட்டுப் பெட்டி மூன்றையும் சேர்த்து விளம்பரம் செய்கிறவர்களைத் தொடவே வேண்டாம். காடு அமைதியாகிவிடும், ஒன்றும் வராது, வந்தாலும் கோபத்தோடு வரும்.

ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பொள்ளாச்சி போகிற வழியில் இளநீர் குடிக்கலாம். வழுக்கையாக வேண்டுமா, தண்ணியாக வேண்டுமா என்று கேட்டுத்தான் வெட்டுவார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் காரின் கூரையைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டால் வைப்பரில் ஒட்டி முன்கண்ணாடி முழுக்க இழுத்துவிடும்.